உயரக்கோடும் வாய்க்காலும்: ஹார்ட்ஸ் சுரங்க மலைகளில் வரைபடத்தோடு

திங்கள் – கோஸ்லார்

வட ஜெர்மனியின் சமவெளி முடிந்து ஹார்ட்ஸ் மலை எழும்பும் விளிம்பில் இருக்கிறது கோஸ்லார். ஊருக்குத் தெற்கே ஒட்டினாற்போல் ராமெல்ஸ்பெர்க் சுரங்க மலை, 635 மீட்டர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஈயம், துத்தநாகம், செம்பு, வெள்ளி தந்த இந்தச் சுரங்கம் 1988-இல் மூடப்பட்டது. 1992-இல் ஊரும் சுரங்கமும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. நடை தொடங்க நல்ல இடம். ஆனால் வரைபடம் வாங்குபவருக்கு முதல் சிக்கலும் இங்கேதான்: ஊர் ஒரு தாளில், சுரங்கம் அடுத்த தாளில்.

ஜெர்மனியின் 1:25,000 தாள்கள் ஒவ்வொன்றும் தீர்க்கரேகையில் 10 கலை, அட்சரேகையில் 6 கலை அகலம் கொண்டவை (60 கலை ஒரு பாகை). எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வடக்கிலிருந்து தெற்காக வரிசையைச் சொல்லும். அடுத்த இரண்டும் மேற்கிலிருந்து கிழக்காக நிரலைச் சொல்லும். கோஸ்லார் 4028. 51 பாகை 54 கலையில் அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. சுரங்கம் அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் 4128-இன் மேல் விளிம்பில் விழுகிறது. 4028-ஐ மட்டும் வாங்கினால் ராமெல்ஸ்பெர்க்கின் அடிவாரம் கிடைக்கும், மலை கிடைக்காது.

இந்த அளவில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகளின் இடைவெளி பெரும்பாலும் 10 மீட்டர். சரிவு குறைந்த இடங்களில் 5 மீட்டர், 2.5 மீட்டர் துணைக்கோடுகள் விட்டு விட்டு வரும். ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 10 மீட்டர் கோடுகள் இரண்டு 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சரிவு 40 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 22 பாகை. அதைவிட நெருங்கினால் காட்டுப் பாதையை விட்டு இறங்குவதை மறந்துவிட வேண்டும்.

பழைய தாள்களைத் தேடி எடுப்பவர்கள் ஓரத்து எண்களை நன்றாகப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்ய அளவைத் தாள்களில் தீர்க்கரேகை கிரீனிச்சிலிருந்து எண்ணப்படவில்லை. கேனரித் தீவுகளுள் ஒன்றான ஃபெரோவிலிருந்து எண்ணப்பட்டது. ஃபெரோ கிரீனிச்சுக்கு 17 பாகை 40 கலை மேற்கு. ஆகவே 4128-இன் மேற்கு ஓரத்தில் 28 பாகை என்று இருந்தால் இன்றைய கணக்கில் அது 10 பாகை 20 கலை. ஸ்கேன் செய்த தாளைக் கணினியில் புவியிடத்தோடு பொருத்தும்போது நான்கு மூலைகளையும் இப்படி மாற்றிவிட்டுத்தான் உள்ளிட வேண்டும். மூலைகள் மட்டும் போதாது. பழைய தாள் ஈரத்தில் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். தாளின் நடுவே தேவாலயக் கோபுரம், பாலம், ஏரிக்கரை முனை என்று இடம் மாறாத புள்ளிகள் ஆறேழு சேர்த்தால்தான் நடுப்பகுதி சரியாக உட்காரும்.

சுரங்கக் குறிகள் எளிமையானவை. குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் நேராக நின்றால் சுரங்கம் இயங்குகிறது. தலைகீழாக நின்றால் கைவிடப்பட்டது. இன்றைய ஹார்ட்ஸ் தாள்களில் கண்ணில் படுவது தலைகீழ்ச் சுத்தியல்தான். கடைசி உலோகச் சுரங்கம் பாட் குருண்டில் 1992-இல் நின்றது. ஆனால் பெரும்பாலான பழைய குழிகளுக்கு அந்தக் குறிகூடக் கிடையாது. அவற்றைக் கோடுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செவ்வாய் – கிளவுஸ்தால்-செல்லர்ஃபெல்ட்

மேல் ஹார்ட்ஸின் ஏழு சுரங்க ஊர்களில் பெரிய இரண்டு இவை. இன்று ஒரே நகரம். இதுவும் மூலையில் உட்கார்ந்த ஊர். 51 பாகை 48 கலையும் 10 பாகை 20 கலையும் ஊரோரத்திலேயே வெட்டிக்கொள்வதால் 4127 சேசன், 4128 கிளவுஸ்தால்-செல்லர்ஃபெல்ட், 4227 ஓஸ்டரோடே, 4228 ரீஃபென்ஸ்பேக் ஆகிய நான்கு தாள்கள் இங்கே கூடுகின்றன. இந்தப் பகுதிக்குத் தாள் தாளாக வாங்குவது வீண். மாநில நில அளவைத் துறை திறந்த தரவாகத் தரும் எண்ணிம வரைபடத்திலிருந்து, கிளவுஸ்தால் நடுவில் வருமாறு வெட்டி அச்சிட்டுக்கொள்வதே சரி. 1:25,000-ஐ 1:10,000-ஆகப் பெருக்கி அச்சிட்டால் எழுத்துப் பெரிதாகத் தெரியும், விவரம் கூடாது. மூல வரைபடத்தில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 5 மீட்டரை மறைக்கிறது. பெருக்கினாலும் அதே 5 மீட்டர்தான்.

இங்கே பார்க்க வேண்டியது தாதுநாளங்கள். மேல் ஹார்ட்ஸில் ஈயம், வெள்ளி, துத்தநாகம் மூன்றும் பாறை வெடிப்புகளில் படிந்த நாளங்களாக இருக்கின்றன. அவை மேற்கு-வடமேற்கிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக ஓடும். டோரோதேயா, கரோலின் போன்ற புகழ்பெற்ற சுரங்கங்கள் புர்க்ஷ்டெட்டர் நாளத்தொடரில் வரிசையாக இருந்தவை. கம்பிகளை முறுக்கிச் செய்த எஃகுக் கயிற்றை 1834-இல் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் முதலில் பயன்படுத்தியது கரோலினில்தான்.

வரைபடத்தில் நாளத்தைப் பிடிப்பது இப்படி. தலைகீழ்ச் சுத்தியல், கழிவுக் குவியலின் மேடு, ‘பிங்கே’ எனப்படும் இடிந்த குழி, காட்டுக்கு நடுவே காரணமில்லாத வெட்டவெளி இவற்றைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். பிறகு தாளின் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான்கைந்து வட்டங்கள் ஒரே கோட்டில் விழும். அந்தக் கோடு பள்ளத்தாக்கில் இறங்கும், முகட்டில் ஏறும், உயரக்கோடு எதையும் பொருட்படுத்தாது. தாதுவுக்கு மேடு பள்ளம் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஹார்ட்ஸ் வரைபடத்தைப் படிக்க இந்த ஒன்று போதும்: உயரக்கோட்டை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் வரிசை நாளம், உயரக்கோட்டோடு ஒட்டி வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடு சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்.

பழைய சுரங்கத் திட்டப்படங்களை இன்றைய வரைபடத்தின் மேல் வைக்க விரும்புவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று நீள அலகு. திட்டப்படங்கள் லாக்டர் என்னும் அலகில் இருக்கும். கிளவுஸ்தால் லாக்டர் சுமார் 1.92 மீட்டர், பிரஷ்ய லாக்டர் சுமார் 2.09 மீட்டர். ஒன்றை மற்றொன்றாக எடுத்தால் 9 விழுக்காடு பிசகும்; 500 லாக்டர் நீளச் சுரங்கப்பாதையில் அது 85 மீட்டர், அதாவது பக்கத்துக் குழிக்கே போய்விடலாம்.

மற்றது திசை. சுரங்கத் திசைகாட்டி வட்டத்தை 24 மணிகளாகப் பிரிக்கும்; ஒரு மணி 15 பாகை. அது காட்டுவது காந்த வடக்கு. 1830-களில் அருகிலுள்ள கோட்டிங்கனில் காந்த விலகல், அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம், சுமார் 18 பாகை மேற்கு. இன்று இப்பகுதியில் சுமார் 4 பாகை கிழக்கு. அக்காலப் படத்தை இன்றைய திசைகாட்டியோடு அப்படியே ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி சுற்றிப்போகும். படத்தில் வரைந்த ஆண்டு இருக்கும். முதலில் அந்த ஆண்டுக்குரிய விலகலைக் கழித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நீரை வெளியேற்றிய கிடைச்சுரங்கங்களையும் வரைபடம் கொண்டே மதிப்பிடலாம். குழிவாயின் உயரத்திலிருந்து கிடைச்சுரங்க வாயின் உயரத்தைக் கழித்தால், அது குழியைச் சந்திக்கும் ஆழம் கிடைக்கும். சுரங்கத்தின் சிறு சாய்வு மட்டும் குறையும். எர்ன்ஸ்ட்-ஆகுஸ்ட் சுரங்கம் 1851-இல் தொடங்கி 1864-இல் முடிந்தது. அதன் வாய் மலையின் மேற்கு அடிவாரத்தில் கிட்டெல்டேயில், ஏறத்தாழ 200 மீட்டர் கோட்டருகே இருக்கிறது. கிளவுஸ்தால் மேட்டுநிலம் 560 முதல் 600 மீட்டர். மேலே இருப்பவருக்குக் காலுக்கடியில் ஏறக்குறைய 400 மீட்டர் ஆழத்தில் அது ஓடுகிறது என்பதை இரண்டு உயரக்கோடுகளே சொல்லிவிடும்.

புதன் – ஸ்பெர்பர்ஹை

இந்தப் பயணத்தின் சாரம் இன்றைய நடையில்தான். ஏற்றச் சக்கரங்களும் நீரிறைக்கும் சக்கரங்களும் தண்ணீரால் சுற்றியவை. மழை மேற்கிலும் உயரத்திலும் பெய்கிறது. சக்கரங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இதற்காகக் கட்டியவை ஏறத்தாழ 143 ஏரிகள், 500 கிலோமீட்டர் வாய்க்கால், 30 கிலோமீட்டர் நிலத்தடி நீர்வழி. 2010-இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் கோஸ்லாரோடு சேர்க்கப்பட்டது. இன்றும் 65 ஏரிகளும் சுமார் 70 கிலோமீட்டர் வாய்க்காலும் பராமரிப்பில் இருக்கின்றன.

தாள் 4228-இல் டாம்கிராபன் என்ற வாய்க்காலின் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்தொடரலாம். அது ஒவ்வொரு ஓடைப் பள்ளத்திலும் உள்ளே போய்த் திரும்பி, ஒவ்வொரு மலை மூக்கையும் சுற்றிக்கொண்டு வருகிறது. ஏன் இவ்வளவு சுற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிலோமீட்டருக்கு 2 மீட்டர் வீழ்ச்சி என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் இடைவெளியுள்ள ஓர் உயரக்கோட்டிலிருந்து அடுத்ததற்கு இறங்க 5 கிலோமீட்டர் ஆகும். அதாவது தாளில் 20 சென்டிமீட்டர் தூரம் அந்த நீலக் கோடு இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவிலேயே ஓட வேண்டும். வரைபடத்தில் ஒரு ‘வாய்க்கால்’ அதற்குள் மூன்று உயரக்கோட்டைத் தாண்டினால் அது வாய்க்கால் இல்லை. ஓடை, அல்லது உபரி நீரை இறக்கிவிடும் கழிவுத்தடம். உயரம் வீணாவது சக்கரத்தின் விட்டம் வீணாவது. அதனால்தான் இந்தச் சிக்கனம்.

கோடு எங்கே திடீரென நின்று, முகட்டுக்கு மறுபக்கம் மீண்டும் தொடங்குகிறதோ, அங்கே மலைக்குள் நீர்வழி குடைந்திருக்கிறார்கள். அப்படிக் குடைந்ததும் முகட்டைச் சுற்றி வந்த பழைய வாய்க்கால் தேவையற்றுப் போனது. புதிய தாளில் அது இருக்காது. பழைய தாளில் இருக்கும். தரையிலும் இருக்கும்: சரிவில் ஒன்றரை மீட்டர் அகலப் படி, கீழ்ப்பக்கத்தில் தாழ்ந்த மண்கரை, நடுவில் இலைச் சருகு. பாதை என்று நினைத்து அதில் நடப்பவர்கள் உண்டு. பாதைக்குக் கீழ்ப்பக்கத்தில் கரை இருக்காது, வாய்க்காலுக்கு இருக்கும். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பெர்பர்ஹையில் சிக்கல் வேறு மாதிரி. புரூக்பெர்க் சரிவிலிருந்து வரும் தண்ணீர் கிளவுஸ்தால் மேட்டுநிலத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு கணவாய், வாய்க்காலின் மட்டத்துக்குக் கீழே. சுற்றிப்போக வழியில்லை. 1732 முதல் 1734 வரை 940 மீட்டர் நீளத்துக்கு, அதிக உயரம் 16 மீட்டர் வரும் ஒரு மண்கரையை எழுப்பி அதன் தலையில் வாய்க்காலை ஏற்றிவிட்டார்கள். வரைபடத்தில் இது தண்ணீரைத் தேக்கும் அணையைப்போல் தோன்றும், ஆனால் இருபுறமும் ஏரி இல்லை. இரு பக்கமும் கீழ்நோக்கிய சிறு சரிவுக்கோடுகள், மேலே நீலம். ஏரியில்லாத கரையைப் பார்த்தால் அது தொட்டிப்பாலத்தின் வேலையைச் செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நேரில் கரைமேல் நின்றால், கால் பக்கத்தில் நெஞ்சகலத் தண்ணீர் ஓசையில்லாமல் நகர்கிறது. இரு பக்கமும் மரங்களின் உச்சி கண் மட்டத்தில் இருக்கிறது. எந்திரம் ஏதுமில்லாத காலத்தில் கூடையும் வண்டியுமாக இதைக் கட்டியவர்களின் மட்டக்கணக்கை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

ஏரிகளைப் படிக்கவும் ஒரு குறிப்பு. கரைமேல் அல்லது கரைக்கு அருகே நீருக்குள் ஒரு சிறு கட்டடம் தெரியும். அது மதகை ஏற்றி இறக்கும் குடில். குடில் நீருக்குள் நின்றால் பெரும்பாலும் பழைய கட்டுமுறை: கசிவைத் தடுக்கும் புல்தரைக் கட்டிகளை நீர்ப்பக்கச் சரிவில் அடுக்கியிருப்பார்கள். குடில் கரையின் மேலேயே இருந்தால் 1715-ஐ ஒட்டி வந்த புதிய முறை: தடுப்பு கரையின் நடுவில். கலிங்கு எப்போதும் கரையின் ஒரு முனையில், இயற்கைப் பாறையை ஒட்டி இருக்கும்.

நடைப் பாதை வாய்க்கால் ஓரமாகவே போவதால் ஏற்றம் இல்லை, தூரம்தான் ஏமாற்றும். 1:25,000-இல் வாய்க்கால், பாதை, சாலை மூன்றும் நெருங்கினால் வரைபவர் ஒன்றையொன்று தள்ளி வைப்பார், சிறு வளைவுகளை நேராக்குவார். தாளில் நூல் வைத்து அளந்த தூரத்தோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் நேரக் கணக்கு ஒத்துவரும்.

வியாழன் – ஓடர்டைஷ், சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க்

4228-இலிருந்து 4229 பிரவுன்லாகேவுக்கு மாறும் இடம் 10 பாகை 30 கலை. பழைய தாள்களில் இது வெறும் தாள் எல்லை இல்லை. பழைய தாள்களின் கட்டக் கோடுகளுக்கு அடிப்படையான காவுஸ்-குரூகர் ஆயத்தொலை முறை 3 பாகை அகலப் பட்டைகளால் ஆனது. 9 பாகையை நடுவாகக் கொண்ட மூன்றாம் பட்டை இங்கே முடிந்து, 12 பாகையை நடுவாகக் கொண்ட நான்காம் பட்டை தொடங்குகிறது. எல்லைக்கு மேற்கே கிழக்குத்தொலை (கிழக்கு நோக்கிய தூர எண்; முதல் இலக்கம் பட்டை எண்) 36 03 என்று இருக்கும். ஓரடி தாண்டினால் 43 96. இரண்டு தாளையும் ஒட்டிவைத்தால் கட்டக் கோடுகள் சுமார் 2.4 பாகை மடங்கிச் சந்திக்கும். ஒரு தாளின் கட்டத்தை மற்றொன்றுக்கு நீட்டி இடம் குறித்தால், 5 கிலோமீட்டரில் 200 மீட்டர் விலகிப்போகும். புதிய தாள்கள் யுடிஎம் என்னும் உலகளாவிய ஆயத்தொலை முறையின் 32-ஆம் மண்டலத்தில் இருப்பதால் இந்த மடிப்பு இல்லை. மண்டலம் 12 பாகை வரை தொடர்கிறது.

ஜிபிஎஸ் வைத்திருப்போர் கவனிக்க: பழைய தாளின் கட்டம் பூமியின் வடிவத்துக்குப் பெசல் கணித்த நீள்வட்டத்தைச் சார்ந்தது. கருவி ஜிபிஎஸ்ஸின் சொந்த அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84-இல் இருந்தால் புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். திறந்த நிலத்தில் இது உடனே தெரிந்துவிடும். காட்டில் தெரியாது, இருக்கும் வாய்க்காலுக்குப் பதில் இல்லாத பாதையைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஓடர்டைஷ் ஏரியின் கரை 1715 முதல் 1722 வரை கருங்கல் தொகுதிகளால் கட்டப்பட்டது. சிதைந்த கருங்கல் மணலை அடைத்துக் கசிவைத் தடுத்தார்கள். கொள்ளளவு சுமார் 17 லட்சம் கன மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை ஜெர்மனியில் இதைவிடப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. இன்று நெடுஞ்சாலை அந்தக் கரைமேலேயே போகிறது. இங்கிருந்து ரேபெர்கர் கிராபன் என்ற வாய்க்கால் சுமார் 7 கிலோமீட்டர் ஓடி ஆண்ட்ரியாஸ்பெர்க்குக்குத் தண்ணீர் தருகிறது. இடப்பக்கம் ஓடர் பள்ளத்தாக்கு. உயரக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் செங்குத்து. கடைசி முகட்டில் வாய்க்கால் நின்று மலைக்குள் போய்விடுகிறது. பாதை மட்டும் மேலே தொடர்கிறது.

ஊரில் சாம்சன் சுரங்கம்: 1521 முதல் 1910 வரை, 800 மீட்டருக்கும் கூடுதலான ஆழம். 9 மீட்டர் ஏற்றச் சக்கரமும் 12 மீட்டர் நீரிறைப்புச் சக்கரமும் உள்ளே இருக்கின்றன. மேலும் கீழும் மாறி மாறி அசையும் இரட்டைத் தண்டில் ஆட்கள் தாவி ஏறிய ஏணி எந்திரம் 1837-ஐச் சேர்ந்தது, இன்றும் இயங்குகிறது. 130, 190 மீட்டர் ஆழங்களில் உள்ள கிடைச்சுரங்கங்களில் மின்நிலையங்கள். ரேபெர்கர் தண்ணீர் இன்னும் வேலை செய்கிறது.

இந்தப் பக்கம் தேசியப் பூங்கா. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. தாளில் ஊசியிலைக் காடு என்று அச்சிட்ட சரிவுகள் பல இன்று வெறுமை; 2018-இலிருந்து வறட்சியும் பட்டைவண்டும் ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொன்றுவிட்டன. காட்டு விளிம்பை வைத்து இடம் கண்டுபிடிப்பது இனி இங்கே செல்லாது. ஆனால் மறைந்திருந்த வாய்க்கால் கரைகளும் குழிகளும் வெளியே தெரிகின்றன.

வெள்ளி – மழை, கணினி

வெளியே போக முடியாத நாள் லைடாருக்கு, அதாவது விமானத்திலிருந்து லேசர் கொண்டு நிலத்தை அளந்த தரவுக்கு. 1 மீட்டர் கட்ட நில மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. சதுரங்களைப் பதிவிறக்கி, க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் ஒரே அடுக்காக இணைத்து, ஒளியும் நிழலுமாக நிலத்தைக் காட்டும் ஹில்ஷேட் போட வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இங்கே இயல்புநிலையை அப்படியே விட்டுவிடுவார்கள்: ஒளி 315 பாகையிலிருந்து (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால், வடமேற்கு), உயரம் 45 பாகை. மேல் ஹார்ட்ஸில் இது மோசமான தேர்வு. நாளங்கள் ஏறக்குறைய 300 பாகைத் திசையில் ஓடுகின்றன. ஒளியும் கிட்டத்தட்ட அதே திசையில் வந்தால் நாளத்தையொட்டிய நீள்குழிகளுக்கு நிழலே விழாது. ஒளியை 30 பாகைக்கு மாற்றி, உயரத்தை 25-க்கு இறக்கினால் வரிசை வரிசையாகக் குழிகள் எழுந்து நிற்கும். வாய்க்காலுக்கு ஒரே திசை ஒளி உதவாது, அது எல்லாத் திசையிலும் வளைவது. அதற்கு ஒவ்வோர் இடத்தின் சாய்வையும் காட்டும் சரிவு அடுக்கைப் பயன்படுத்த வேண்டும்.

குழி எல்லாம் பிங்கே இல்லை. சுரங்கக் குழியைச் சுற்றித் தோண்டிய மண் வளையமாக இருக்கும், சரிவில் கீழ்ப்பக்கம் தடித்து. மலையின் தெற்கு விளிம்பில் ஜிப்சம் கரைந்து விழுந்த குழிகளுக்கு வளையம் இருக்காது. மரம் வேரோடு சாய்ந்த பள்ளம் இரண்டு மூன்று மீட்டர்தான், ஒரு பக்கம் மட்டும் மேடு. சரிவில் பத்து மீட்டர் அகலத்தில் தட்டையான வட்டம் தெரிந்தால் அது கரி சுட்ட மேடை.

சனி – எல்லைக்குக் கிழக்கே

பிரவுன்லாகேவைத் தாண்டினால் முன்னாள் கிழக்கு ஜெர்மனி. பிரோக்கன் சிகரம், 1141 மீட்டர், 1961 முதல் 1989 டிசம்பர் 3 வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1820-களில் கணித மேதை காவுஸ் ஹானோவர் அரசை அளந்தபோது பிரோக்கன், ஹோஹெர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க் மூன்றும் அவருடைய பெரிய முக்கோணத்தின் முனைகள்.

இப்பக்கத்தின் பழைய தாள்களை வாங்கும்போது பதிப்பைக் கேட்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் ராணுவத்துக்கும் அரசுக்கும் ஒரு பதிப்பு, பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு பதிப்பு. இரண்டாவதில் உள்ளடக்கம் குறைக்கப்பட்டது, சில இடங்களில் வேண்டுமென்றே திரிக்கப்பட்டது. சுரங்க ஆய்வுக்கு அதை நம்பக் கூடாது. முதல் பதிப்பு கிடைக்காவிட்டால் போருக்கு முந்தைய பிரஷ்யத் தாளே மேல்.

எல்பிங்கரோடே பக்கம் நாளம் குறைவு, இரும்புத்தாதுப் படுகைகள் மிகுதி. பூக்கென்பெர்க் சுரங்கம் 1970 வரை இயங்கியது. குழிகளின் உருவமும் மாறுகிறது: கோட்டில் கோத்த சிறு குழிகளுக்குப் பதில், உள்நோக்கிய சரிவுக்குறிகள் சூழ்ந்த அகலமான பள்ளங்கள். விளிம்பு உயரக்கோட்டிலிருந்து அடிமட்ட எண்ணைக் கழித்தால் ஆழம். அந்த விளிம்பு அளவை நடந்த ஆண்டின் விளிம்பு. மழையிலும் உறைபனியிலும் அது பின்வாங்கிக்கொண்டே இருக்கும். வேலி எங்கே இருக்கிறதோ அதற்கு வெளியிலேயே நின்று அளக்க வேண்டும்.